பாட்டும் போனும் ஒரே ஸ்பீக்கரில்

கார் ஸ்டீரியோ கடைக்கு நல்ல மனநிலையில் வருகிறவர் யாருமில்லை. என்னைப் போல் சோல்டரிங் அயர்னோடு மாரடிக்கிற உங்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

முறுக்கிவிட்ட ஒயர்

ஓசூரில் என் கடைக்கு முனிராஜ் வேனோடு வந்தான். தளிக்காரன்; போச்சம்பள்ளி கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகிறவன். பாட்டைக் குறைத்தால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். சத்தமாக வைத்தால் போன் அடிப்பது கேட்காது. மனைவி காவேரிப்பட்டினத்தில் தாய்வீட்டில் நிறைமாதம். போன தடவை வலி என்று கூப்பிட்டபோது இவன் எடுக்கவில்லை. நல்லவேளை, அது பொய்வலி. அடுத்ததும் அப்படியே இருக்குமா என்ற பயத்தோடுதான் வந்திருந்தான்; பாட்டோடு போன் சத்தமும் வேன் ஸ்பீக்கரிலேயே கேட்க வேண்டுமாம்.

பழைய ஸ்டீரியோவில் வெளி ஒயர் செருக ஓட்டை ஒன்றுதான். பாட்டு வரும் பென்டிரைவ் பிளேயரும் போனும் அதற்குள்ளேயே போக வேண்டும். அவசரத்தில் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிச் செருகி அனுப்பிவிட்டேன். ஒன்றை ஒன்று அமுக்கி, இரண்டுமே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டன. மறுநாளே வந்து நின்றான்.

"அண்ணா, முன்ன பாட்டாவது கேட்டுச்சுங்க."

ஆக்ஸிலேட்டரின் பாட்டு

இம்முறை ஒழுங்காக, ஒன்றை ஒன்று அமுக்காமல் தடுக்க ஒவ்வொரு ஒயருக்கும் தனி ரெசிஸ்டர் வைத்துக் கலந்து, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தேன். கடை வாசலில் கணீரென்று பாடியது. எஞ்சினைப் போட்டு, போனையும் சார்ஜில் போட்டதும் கூடவே 'ஙொய்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. சார்ஜரின் எர்த் ஓரிடத்தில், ஸ்டீரியோவின் எர்த் வேறிடத்தில் இருந்ததால் வந்த வினை. இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கட்டி முடிப்பதற்குள் எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. அவனோ சீட்டில் சாய்ந்தபடி சொன்னான்:

"விடுங்ணா, மீட்டரே வேணாம். சத்தத்துலயே ஸ்பீடு தெரியுது."

பின்சீட்டுக்காரர்

அடுத்த வாரம் வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. வேன் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது பாட்டுக்கு மேலே போன் மணி தெளிவாகக் கேட்டிருக்கிறது. ஓரங்கட்டி எடுத்தான். மாமியார். பெண் குழந்தை, இருவரும் நலம். அவர் பேச்சுக்குப் பின்னால் குழந்தை அழுவது வேனின் எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டதாம், கூடவே குத்துப்பாட்டும். பாட்டைக் கொஞ்சம் குறைத்தாலே கம்பெனி வாசல்வரை முணுமுணுக்கிற பின்சீட்டுக்காரர்தான் முதலில் வாய் திறந்தாராம்:

"பாட்ட நிறுத்துப்பா. கொழந்த அழுவறது செரியா கேக்கல."

ஆக, இரண்டு சத்தத்தையும் சேர்த்துக் கேட்க வைக்க நான் பட்ட பாடெல்லாம், ஒன்றை நிறுத்தச் சொல்கிற நேரம் வரும்வரைக்கும்தான்.