தந்தை ஸ்தானத்தில் ஒரு கையெழுத்து

1946 ஜூன் 3, திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணி. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. வாசகர்களே, நாகர்கோவிலில் நீங்கள் இந்நேரம் சாரலுக்குக் குடை விரித்திருப்பீர்கள்; திருத்தணியில் நான் விரித்தது வெயிலுக்கு. மகள் வீட்டிலிருந்து வாசகசாலைக்குப் போய்ச் சேருவதற்குள் நாற்பத்தேழு மொட்டைத் தலைகளை எண்ணினேன். நம் ஊர்த் தெருவில் இரண்டு மொட்டைகளைச் சேர்ந்தாற்போல் கண்டால் எந்த வீட்டில் துக்கம் என்று விசாரிப்போம். இங்கே மலைமேல் முருகனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனம் பூசி, சிரித்துக்கொண்டே இறங்கி வருகிறார்கள். பள்ளி இறுதித் தேர்வு முடிவு வேறு வந்திருந்தது. எவன் தேறினான் என்று பத்திரிகையில் தேட வேண்டியதில்லை. தலையைப் பார்த்தால் போதும்.

திருவிதாங்கூர் கல்வி இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். மனைவி போன பிறகு, ரயில்வேயில் வேலை பார்க்கும் மருமகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எந்தப் படிப்புக்கு எத்தனை வருடம், என்ன சம்பளம், மனு எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். சும்மா இருக்க முடியாமல், பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு இலவசமாக யோசனை சொல்வதாக வாசகசாலையில் அறிவித்துவிட்டேன். நம் பக்கம் பி.ஏ. முடித்தவனே வேலையில்லாமல் குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். இங்கே ஒரு பையன் தேறினால் குடும்பமே ஊர்வலமாக வருகிறது. மணவூரிலிருந்து டைப்ரைட்டிங் பற்றி விசாரிக்க வந்த ஒரு பையனோடு பதினொரு பேர் வந்தார்கள். கனகம்மாசத்திரத்து விவசாயி ஒருவர், "பையன் வக்கீலுக்குப் படிச்சா எங்க வரப்புத் தகராறு தீருமாங்க?" என்று கேட்டார். குறைந்தது ஆறு வருடம் ஆகும் என்றேன். "அதுக்குள்ள அவங்களே செத்துடுவாங்க. வுடுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அன்று எனக்காகக் காத்திருந்தவள் சரோஜா. தேர்வு எழுதிய முப்பத்திரண்டு பேரில் ஒரே பெண். சென்னையில் பெண்கள் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர வேண்டும், பிறகு டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றாள். மனு போய்ச் சேர நான்கே நாள்தான் இருந்தது. தகப்பனார் இல்லை. கூட வந்த இளைஞன் யார் என்று கேட்டேன்.

"எங்க மாமாங்க. அம்மா கூடப் பொறந்தவரு. பொதட்டூர்பேட்டையில லுங்கி வியாபாரம்."

பெயர் முனிரத்னம். இருபத்தாறு வயதிருக்கும். அவளுக்கு வாங்கிய மல்லிகைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தான். மருமகளுக்குப் பூ வாங்கும் அளவுக்குப் பொறுப்பா என்று எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

வாசகர்களே, நான் எப்படி வளர்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். சொத்தும் பொறுப்பும் தாய்மாமன் வழியே வரும் மருமக்கள் வழி நடந்த காலத்தில் எனக்குச் சோறு போட்டவர், சம்பளம் கட்டியவர், பிரம்பெடுத்தவர் எல்லாம் அம்மாவின் அண்ணன்தான். அப்பா மாதத்துக்கு இரண்டு முறை விருந்தாளிபோல வந்து, வெற்றிலை போட்டுவிட்டுப் போவார். பள்ளிச் சம்பளம் கட்டும் நாளில் மாமாவின் நெல் பத்தாயத்தடியில் நின்ற கால் வலி இன்னும் இருக்கிறது. தாய்மாமன் என்றால் என்னைப் பொறுத்தவரை அப்பாவுக்கும் ஒரு படி மேல்.

ஆகவே முனிரத்னத்தைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, இந்தப் பிள்ளைக்கு இனி நீருதான் அப்பன். படிக்க வைக்கது உம்ம கடமை இல்லியா? செலவும் தாய்மாமன் தலையிலதான்" என்று கால் மணி நேரம் பேசினேன். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் பத்திரிகையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்கள். என் பேச்சு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். மனுவில் இங்கிலீஷில் இருந்த வரியைத் தமிழில் உரக்கப் படித்தேன்: "தந்தை இல்லாவிடில், தந்தையின் ஸ்தானத்தில் இருப்பவர் கையொப்பம்."

முனிரத்னம் சரோஜாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். பேனாவை வாங்கி, நிதானமாகப் போட்டான். மனுவை நானே தபாலில் சேர்த்தேன்.

மாலை ஐந்தரைக்கு மகள் வீட்டு வாசலில் சத்தம். சரோஜாவின் தாயார் தேசம்மா, மகளோடும் தம்பியோடும் வந்திருந்தாள்.

"இன்னா பெரியவரே, எங்க வூட்டுக் கல்யாணத்த நிறுத்த உன்ன யாரு கூப்புட்டது?"

"எந்தக் கல்யாணம்?"

"இவனுக்கும் இவளுக்கும்தான். ஆவணியில நாள் குறிச்சிகினு கீறோம். ஊரே கேக்க, அப்பன் எடத்துல கையெழுத்துப் போட வெச்சிட்டியே! அப்பன் எடத்துல நின்னவன் எப்படி தாலி கட்டுவான்?"

அக்கா மகளைத் தம்பி கட்டுவது, நம் மருமக்கள் வழியில் நினைக்கவே முடியாதது, இங்கே முதல் உரிமையாம்; நாலு வருடமாக என் மகள் இந்த ஊரில் இருந்தும் எனக்குச் சொல்லவில்லை. சமையலறைக் கதவிடுக்கில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சரோஜாவிடம், "நீயாவது சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க அவ்ளோ நேரம் பேசியிருப்பீங்களா, தாத்தா?" என்றாள். உள்ளூர்ப் பெரியவர்கள் மூவரிடம் போயிருக்கிறாள். மூவரும் "கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கலாம்மா" என்றார்களாம். விஷயம் தெரியாத ஆள் ஊரில் நான் ஒருவன்தான்.

தேசம்மா தம்பியின் தோளைக் குலுக்கினாள். "தெரியாம போட்டேன்னு சொல்லுடா. மனுவ வாபஸ் வாங்கிக்கலாம்."

முனிரத்னம் முதல்முறையாக வாயைத் திறந்தான். "தெரியாம இன்னாக்கா? அவரு தமிழ்லதான படிச்சிக் காட்டினாரு? மூணு மாசமா அவ என்னைப் பாத்தா அழுவறா. நீ கேட்டா சிரிக்கிறா. வேணாம்னு உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. கை வந்துச்சி, போட்டுட்டேன்."

சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கதவிடுக்கில் என் மகளின் சிரிப்பும் நின்றுவிட்டது. தேசம்மா படியில் உட்கார்ந்தாள், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சரி. இவன் அப்பனாயிட்டான். அப்போ என் பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? எனக்கு வேற தம்பி கெடையாது. நீதான் அண்ணனா நின்னு எல்லாம் செய்யணும். செலவு தாய்மாமன் தலையிலன்னு காலையில நீதான பேசினே?"

நம் பக்கம் மருமக்கள் வழியை ஒழிக்கச் சட்டம் வந்தபோது, இனி என் சகோதரியின் பிள்ளைகளான மூன்று மருமக்களும் அவரவர் அப்பனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் பாயசம் கொடுத்தவன் நான். அவர்களிடமிருந்து தப்பி ஐந்நூறு கல் வடக்கே வந்து, தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் ஊரில், முன்பின் தெரியாத ஒருத்திக்கு அண்ணனாகி மாட்டிக்கொண்டேன்.

ஜூலை முதல் வாரம் சரோஜா ரயிலேறினாள். வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா, போய்ட்டு வரேன்" என்றாள். முனிரத்னம் பழக்கத்தில் ஒரு அடி முன்னால் வைத்தான். பிறகு நின்று, என் முதுகில் கை வைத்து என்னை முன்னே தள்ளினான். நான் குடையை உயர்த்தி ஆட்டினேன். எந்த ஊர் மாமாவாக ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கல்லூரிச் சம்பளம், விடுதி முன்பணம், தகரப் பெட்டி, ரயில் சீட்டு எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது இந்த ஊர்க் கணக்கில் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். நம் திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாயில் நூற்றுப் பதினான்கு.