சன்னாசிக்கு ஒரு தாடை வேண்டும்

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்ந்த சன்னாசிக்கு, கோலா சிலாங்கூருக்கு வந்து குடியேறிய பிறகு ஒரே ஓர் ஆசை. தான் தீட்டிய சவரக்கத்திக்கு எவனாவது ஒருத்தன் தாடையைக் காட்ட வேண்டும். தன் முகத்தைத் தானே வழித்துக்கொள்வதெல்லாம் கணக்கில் சேராதாம்.

தீட்டுவதில் மனுஷர் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கல்லில் ஈரம் காயக்கூடாது. கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்தே நகர வேண்டும், அழுத்தினால் போச்சு. அப்புறம் தோல்வாரில், முதுகு முன்னே போக, மெல்ல ஓர் இழுப்பு. கடைசியாக மனைவி நாகமணியின் சீப்பிலிருந்து முடி ஒன்றை எடுத்துத் தொங்கவிட்டு, அதில் கத்தியைத் தொடுவார். முடி சத்தமில்லாமல் இரண்டாகும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் செய்து காட்டிவிட்டு, கையோடு, "உக்காருங்க, தாடிய எடுத்து வுட்டுர்றேன்" என்பார். யார் உட்காருவார்கள்? கத்தி கூராகக் கூராக, வந்தவர்கள் செருப்பு மாட்டும் வேகமும் கூடியது.

"மொன்னக் கத்திதான்யா கிழிக்கும்! கூரா இருந்தா கீறவே கீறாது" என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார். பெற்ற மகளின் புருஷன் சுகுமாறனே சவரக்கடைக்குத்தான் போனான்.

பக்கத்து வீட்டு அப்பளசாமி, லோரி காலத்துக் கூட்டாளி, இன்னும் மோசம். "கோழி அறுக்கக் கூப்புடு, வர்றேன் லா. என் கழுத்த வுட்டுரு." அந்தக் கோபத்தில் சன்னாசி கொஞ்ச நாள் அவரோடு தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை.

அதற்குள் அப்பளசாமிக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, போயே போய்விட்டார். மகன் ரவீந்திரன் வாசலில் வந்து நின்றான்.

"அங்கிள், அப்பாவுக்குத் தாடி வளந்துருச்சு. சவரக்கடைக்காரரு வரமாட்டேங்கிறாரு. நீங்க வர்றீங்களா?"

சன்னாசி கத்தியை எடுத்தார். வாரில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். கூட்டாளி முகத்தில் சோப்பு நுரையைத் தடவினார். தொய்ந்த தோலை இடது விரலால் இழுத்துப் பிடித்து, தாடைக்கடியில் பதமாக வழித்தார். இத்தனை நாள் ஓடியவர்களெல்லாம் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள்.

"மாமா சொன்னது சரிதான் லா. ஒரு கீறலு இல்ல" என்றான் சுகுமாறன்.

எத்தனை காலம் ஏங்கிய வார்த்தை! சன்னாசி காதில் அது விழவே இல்லை. காதோரத்து நுரையைத் துடைத்துவிட்டு, முகத்தருகே குனிந்து, "எரியுதாடா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் வாய்விட்டு அழுதார்.