மழையில் நின்ற லொறி

2008 வாக்கில் அக்கரப்பத்தனையில் எங்கள் வீட்டுக்கு இணையம் எடுத்தோம். "இந்த விபிஎன்னப் போட்டா ஒங்க மெயில யாரும் பாக்க முடியாதுங்க, காசும் வேணாம்" என்று கம்ப்யூட்டர் கடைக்காரரே பொருத்தித் தந்தார். நம்பினேன்.

எனக்குப் பார்த்திருந்த லிந்துலை மாப்பிள்ளை குடிப்பாரோ என்ற சந்தேகத்தைக் கத்தாரிலிருந்த அக்காவுக்கு மட்டும் எழுதினேன். அதைக் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சம்பந்தம் முறிந்தது. விசாரித்தால், அந்த விபிஎன் என் மெயிலையெல்லாம் அவர் கடைக் கணினி வழியாகவே அனுப்பியிருக்கிறது!

விடுவேனா? 'ஞாயிறு காலை டயகம பஸ் ஸ்டாண்டில் பழைய கணினிகளைச் சும்மா கொடுக்கிறார்களாம், யாரிடமும் சொல்லாதே' என்று அக்காவுக்கு எழுதினேன். ஞாயிறன்று அங்கே போனால், கடைக்காரர் வாடகை லொறியோடு மழையில் நிற்கிறார்.

"என்னங்கண்ணே, அக்காவுக்கு எழுதுனது ஒங்களுக்கும் வந்துருச்சா?" என்று எல்லாரும் கேட்கக் கத்தினேன்.

இப்போதெல்லாம் நடத்துவது யாரென்று விசாரிக்காமல் எந்த விபிஎன்னும் போடுவதில்லை. அவரை இன்னும் மன்னிக்கவும் இல்லை.