டிரில் மாஸ்டரின் கடவுச்சொல்

விசில் ஊதித்தான் கணினியைத் திறக்கச் சொல்வார் டிரில் மாஸ்டர். முதல் விசிலுக்குப் பொத்தான், அடுத்ததற்கு விரல்கள் விசைப்பலகை மேலே, அதற்கடுத்ததற்குத் தட்டல். பிந்துகிறவனுக்குத் தனி மரியாதை உண்டு. "ஊரே போய்ச் சேந்தாச்சு, நீ இன்னும் செருப்பத் தேடிட்டு இருக்கியாடா?"

இணையப் பாதுகாப்பை எல்லாப் பள்ளிகளிலும் கற்பித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. யார் கற்பிப்பது என்பதைச் சொல்லச் சட்டம் மறந்துவிட்டது. மழையில் மைதானம் குளமாகிக் கிடக்க, பள்ளியில் சும்மா நிற்பவர் இவர் ஒருவர்தான் என்று தலைமையாசிரியை கண்டுபிடித்தார். ஒரே நாள் பயிற்சி. அதில் பாதி மதியச் சாப்பாடு. ஆனாலும் மாஸ்டர் சளைத்தவரல்ல. "நெட்டுங்கறது ரோடு மாதிரி. தெரியாதவன் கூப்பிட்டா திரும்பாத" என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொடுப்பார். அவர் கைபேசியில் யாராவது அழைத்துப் பரிசு விழுந்திருக்கிறது என்றால் மட்டும், எழுந்து நின்று மரியாதையாகப் பேசுவார்.

பிள்ளைகள் கடவுச்சொல்லை மறந்து மறந்து அவர் உயிரை வாங்கினார்கள். கவாத்தில் ஆளுக்கொரு அடி வைக்க விடுவோமா என்று யோசித்த மாஸ்டர், வகுப்புக்கே ஒரே கடவுச்சொல்லாகக் கொடுத்துவிட்டார். 'கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே' என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, அதற்குக் கீழேயே அந்தக் கடவுச்சொல்லையும் எழுதிவைத்தார். இரண்டையும் வகுப்பு ஒரே குரலில் ஒப்பிக்கும். பார்வையிட வந்த அதிகாரி மனம் குளிர்ந்து கைதட்டிவிட்டுப் போனார்.

போன வாரம் கடைசி வரிசைப் பெண்ணின் கணக்குக்குள் எவனோ புகுந்து, அவள் பெயரில் வகுப்புக்கெல்லாம் அசிங்கமாக எழுதிவிட்டான். அவள் அப்பா நேராகக் கணினி அறைக்கே வந்துவிட்டார்.

"இவ சொல்லாம இன்னொருத்தனுக்கு எப்படித் தெரியும்? படிச்சுக் கிழிச்சது போதும். நாளையிலருந்து வீட்டுல கெடக்கட்டும்."

"நான் யார்கிட்டயும் சொல்லலப்பா." அழுகை பாதி வார்த்தையை விழுங்கிவிட்டது. மாஸ்டரை எதிரில் வைத்துக்கொண்டு மாஸ்டரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நிமிர்ந்து அவரையே பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குப் பள்ளிக்கூடம் மிஞ்சும்.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "நானும் படிச்சுப் படிச்சுத்தாங்க சொன்னேன்..." என்று இழுத்தபடியே பின்னால் நகர்ந்து, கரும்பலகையின் கீழ் வரியில் முதுகைச் சாய்த்தார். அரிப்பெடுத்தவர்போல மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டார்.