அட்மினாகப் போன நளீம் நானா

"எங்கட நளீம் நானா மௌத்தாயிட்டாராம்" என்று கிண்ணியாவிலிருந்து பழைய அலுவலக நண்பர் ஒருவர் சொன்னபோது, ஐஸ் விற்ற நளீம் நானா என்று நினைத்து அரை மணி நேரம் அழுதேன். கொம்பியூட்டர் நளீம் நானா என்று தெரிந்ததும் மறுபடி முதலிலிருந்து அழவேண்டியதாயிற்று.

துறைமுகத்தடி நிவாரண அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு, அங்கே கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொண்ட அவரை நன்றாகத் தெரியும். எங்கள் எல்லோருடைய பாஸ்வேர்டும் அவரிடம் இருந்தது. ஆனாலும் நாங்கள் அதை அடிக்கும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வார். தெரிந்ததைப் பார்க்காமலிருந்து என்ன லாபம் என்று கேட்டேன். "அது மரியாத புள்ள" என்றார்.

மூதூர்ப் பக்கத்துச் சனம் சண்டையில் இடம்பெயர்ந்த காலம். யார் எந்த முகாமில், யாரைக் காணவில்லை என்ற பட்டியல்கள் எங்கள் ஆறு பேரின் கொம்பியூட்டர்களில் சிதறிக் கிடந்தன. நாளைக் காலை அலுவலகத்தை மூடுகிறோம், கொம்பியூட்டர்களை விட்டுவிட்டுப் புறப்படுங்கள் என்று உத்தரவு. எங்கள் பைல்களை ஒரே அமத்தலில் வெளி டிஸ்க்குக்கு அள்ளிப்போட நானா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். தடை ஏதும் வரக்கூடாதென்று, எல்லாக் கதவும் திறக்கும் அட்மின் என்ற தலைமைக் கணக்கில் போய் ஓட்டினார். ஆறிலும் 'முடிந்தது' என்று வந்தது. தேத்தண்ணி குடித்தோம்.

நான் மட்டும் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். கடமையுணர்ச்சி அல்ல, மேலதிகாரியின் நடையைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த நையாண்டியும் டிஸ்க்குக்குப் போய்விட்டதோ என்ற பயம். அது போகவில்லை. பட்டியல்களும் போகவில்லை. ஆறு ஃபோல்டரும் வெறுமை.

"ஒண்டுமில்லையே நானா?"

"நான் அட்மினாப் போய் 'என்ட பைல எடு' எண்டிருக்கன் புள்ள. அது அட்மின்ட பைல எடுத்திரிக்கி. அவன்ட்ட என்ன இரிக்கி?"

"அப்ப நாங்க ஆர்?"

"பெரிய பேர்ல போனா வீட்டுக்காரரத் தெரியாது."

தலையை ஆட்டினேன். இன்றுவரை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் எங்களை அவரவர் கதிரையில் இருத்தி, அவரவர் பெயரில் உள்ளே போகச் சொல்லி, மறுபடி ஓட்டினார். இந்தமுறை பெயர்கள் வந்தன.

கந்தளாய் முகாமில் அந்தப் பட்டியலை அவரே வாசித்தார். ஒரு பெண், வேறொரு முகாமில் இருந்த தன் புருஷனின் பெயர் காதில் விழுந்ததும், "இன்னொருக்கா வாசிங்க" என்றாள். வாசித்தார். திரும்பவும் கேட்டாள்; திரும்பவும் வாசித்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் கேட்காமலே நானா நான்காம் முறையும் அந்தப் பெயரை, முகாமின் பெயரோடு, மெதுவாக வாசித்தார்.

அது யாருக்காக என்று தெரியவில்லை. அந்த நான்காம் வாசிப்பை நான் வைத்திருக்கிறேன்.