ஆடி கழியட்டுங்க

மெக்கானிக் எங்கள் வேனின் இன்ஜின் மூடியைக் கழற்றிக் காட்டினார். டைமிங் பெல்ட்டில் வெடிப்பு விட்டிருந்தது. காய்ந்த ரப்பர் வாசத்தில் எங்கள் முதல் வேன் ஞாபகம் வந்தது.

"அறுந்தா நடுவழியில நின்னுபோயிருமுங்க, இப்பவே மாத்திப்போடுங்க" என்று அன்றைய மெக்கானிக் சொன்னார். "ஆடி கழியட்டுங்க" என்றார் அப்பா. ஆடியில் அவர் புது வேட்டிகூடக் கட்டமாட்டார்.

அந்த ஆடியிலேயே அம்மாவுக்கு நெஞ்சுவலி. உடுமலையிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பெல்ட் அறுந்தது. அப்பா சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். "உடுங்க, வேற வண்டி வருமுங்க" என்று அம்மாதான் அவரைத் தேற்றினாள். வண்டி வருவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

ஆவணியில், சொன்னபடியே, அப்பா புது பெல்ட் போட்டார்.

"இப்ப ஆடியாச்சுங்களே, கழிச்சு மாத்திக்கலாங்களா?" என்று இன்றைய மெக்கானிக் கேட்டார்.

வெளியே ஸ்டூலில் இருந்த அப்பா சுவரைப் பிடித்து எழுந்தார்.

"இன்னைக்கே மாத்திப்போடுங்க."