நம்ம வீடு

காரைக்குடியில் வாடகைக்குக் குடிவந்த அன்று, "நம்ம வீடுன்னு நெனச்சு இருங்க" என்றார் வீட்டுக்காரர். அந்த ஒரு சொல்லில் மயங்கிப்போனேன்.

மழைக்கு அடுப்படி ஒழுகியது. "நம்ம வீடுதானே, ஆள் அனுப்புறேன்" என்றார். கேட்கும்போதெல்லாம் அதே பதில், ஆள்தான் வரவில்லை. ஒருநாள் மேற்கூரையின் காரை பெயர்ந்து, கொதிக்கிற குழம்பிலேயே விழுந்தது. நானே கொத்தனாரை அழைத்து மொட்டைமாடி வெடிப்பைப் பூசவைத்தேன்.

அதுவரை எட்டிப்பார்க்காதவர் மறுநாளே வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு என் வீட்டுல கை வச்சீக? காலி பண்ணிருங்க."

அவர் வாயிலிருந்து 'என் வீடு' என்று அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

காலி செய்த அன்று நல்ல மழை. சாவியை வாங்கிக்கொண்டு, ஒழுகாத அடுப்படியை அண்ணாந்து பார்த்தபடி சொன்னார்:

"மனசுல எதையும் வச்சுக்கிறாதீக. எப்பவும் இது நம்ம வீடுதான்."